உசாத்துணை நூல்களிற் கடற்கன்னி
(மன்னார்க் கடற்பசு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

பாடசாலை நூலகத்திலே விலங்கொன்றைப் பற்றிக் கட்டுரை வரையப் புகும் மாணவன் முதலில் நாடுவது கலைக்களஞ்சியமேயாம். அதன்கண் உள்ளதைத் தன் ஏட்டிற் பெயர்த்தெழுதியதும் கடமை முடிந்ததென்று அவன் எண்ணுகின்றான். அச்சேறியது மெய்யாகவே இருத்தல் வேண்டும் என்னும் நம்பிக்கை அவனிடத்து மாத்திரமன்று, அவன் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியரிடத்தும் உண்டு. அந்நூலை எழுதியவர் அவ்விலங்கைக் கண்டவரா, கண்டார் வாய்க் கேட்டவரா, அன்றி முன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதியவரா என்னும் வினா இருவர் உள்ளத்தும் எழுவதில்லை. இவ்வினாவை எழுப்பாமையால் அறிவுலகம் எத்துணைக் காலம் மயங்கிக் கிடந்தது என்பதற்கு, மன்னார்க் கடலில் வாழும் ஒரு விலங்கின் கதை தக்க சான்றாகும். நம்மவர் ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் வழங்கும் அவ்விலங்கு, நூல்களினுள்ளே நெடுங்காலம் பெண்ணாகவே வாழ்ந்தது.

ஆவுளியா மீனன்று, குட்டியீன்று பாலூட்டும் விலங்கு. வளர்ந்தது மூன்று மீற்றர் வரை நீளும். ஆழமில்லாக் கடலின் அடித்தரையிற் படர்ந்துள்ள கடற்புல்லையே அது மேய்கின்றது. மூச்சு வாங்குதற்குச் சில நிமிடங்களுக்கொருமுறை நீர்மட்டத்துக்கு வரும். பெண் விலங்கின் முலைகள் இரண்டும் முன்துடுப்புகளின் கக்கத்தருகே அமைந்துள்ளன. துடுப்பின் உள்ளே ஐவிரல் எலும்புகள் உண்டு. ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றே பிறப்பது வழக்கம். கருக்காலம் ஓராண்டிற்கு மேற்பட்டது. உறவு முறையில் இது திமிங்கிலத்தினும் யானைக்கே அணித்தானது என்பது விலங்கியலார் துணிபு. இத்துணையும் இன்று எந்த நல்ல நூலிலும் காணலாம். இவற்றை அறிவதற்கு முன்னர் நிகழ்ந்ததே இங்கு ஆராயற்பாலது.

மேலைநாட்டு விலங்கு நூல்களுள் இலங்கையின் பெயர் மிகப் பழைய காலத்திலேயே இடம்பெற்றுவிட்டது. உரோம அறிஞன் பிளினி கி.பி. 77ஆம் ஆண்டளவில் முற்றுவித்த இயற்கை வரலாறு 37 பாகங்களையுடையது. தப்ரபேன் எனப்பட்ட இலங்கையில் இந்திய யானைகளினும் பெரியனவும் போருக்குச் சிறந்தனவுமான யானைகள் உள என்று ஒனெசிக்கிரித்தன் கூறியதாக அவன் எழுதுகின்றான். அங்குள்ள ஆமைகளின் ஓடு ஒரு குடும்பம் தங்குதற்குக் கூரையாகும் என்பதும் அவன் தரும் செய்தியே. பிளினி இத்தீவைக் கண்டானல்லன். ஆயினும் அவனிடத்துப் போற்றத்தக்க ஓர் ஒழுங்கு உண்டு. எந்த எந்த ஆசிரியரிடமிருந்து செய்திகளை எடுத்தான் என்பதைத் தன் முதற்பாகத்திலேயே நிரல்படத் தந்துள்ளான். இக்காலத்து மலிவு நூல்கள் பல இவ்வொழுங்கைப் பேணுவதில்லை.

பிளினிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் பின்னர் வந்த ஏலியன், விலங்குகளின் இயல்பு பற்றிப் பதினேழு பாகங்களில் ஒரு நூல் இயற்றினான். அதன் பதினாறாம் பாகத்திலே, தப்ரபேனைச் சூழ்ந்த கடலில் அரிமா முகமும் ஆட்டுக்கடா முகமும் உடைய உயிர்கள் வாழ்கின்றன என்றும், பெண்முகம் வாய்ந்தனவும் உள என்றும், அவற்றுக்குக் கூந்தலின் இடத்தில் முட்கள் அமைந்திருக்கும் என்றும் கூறப்பட்டுள்ளது. ஏலியன் இத்தாலி நாட்டின் எல்லையைத் தாண்டியதேயில்லை என்று அவன் வரலாற்றைக் குறித்த பிலோஸ்திராத்தஸ் எழுதுகின்றான். மன்னார்க் கடலைப் பற்றிய முதற் கடற்கன்னிச் செய்தி, கடலையே கடவாத ஒருவனால் நூலேறியது.

தமிழரிடத்தோ நிலைமை வேறு. விலங்குகளைப் பற்றிய தமிழ்மரபு பெயரை அடிப்படையாகக் கொண்டது. தொல்காப்பிய மரபியல் பறழ், குருளை, பார்ப்பு முதலான இளமைப் பெயர்களையும், ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் எவ்வெவ்விலங்குக்கு உரியன என வரையறுக்கின்றது. நிகண்டு நூல்களும் அவ்வழியே சென்றன. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பன்னிரு தொகுதிகளுள் விலங்கின் பெயர்த்தொகுதி ஒன்றாம். திண்ணைப் பள்ளியிலே அதனை மனனஞ் செய்த சிறுவனுக்கு யானையின் பெயர்கள் பல நாநுனியில் நின்றன. யானை யாது உண்ணும், எத்தனை திங்கள் சூல் கொள்ளும் என்பன அந்நூலின் நோக்கத்துக்குப் புறம்பானவை. இதனைக் குறையென்று கூறுதல் முறையன்று. நிகண்டு புலவனுக்கு உதவுதற்கு எழுந்தது. எனினும், விலங்கின் ஒழுகலாற்றை எழுதிவைக்கும் மரபு உரைநடையில் வளராமையால், மீன்பிடிப்போரும் வேட்டுவரும் அறிந்திருந்தவை ஏடேறாமலே போயின. அவ்விழப்பின் அளவு இக்கதையிலேயே பின்னர்ப் புலப்படும்.

ஐரோப்பாவில் அச்சுத்தொழில் பரவிய பின்னர் எழுந்த விலங்கு நூல்களுள் தலைசிறந்தது சூரிக்கு நகரத்து மருத்துவர் கொன்ராட் கெஸ்னர் 1551 முதல் 1558 வரை வெளியிட்ட விலங்கு வரலாறு ஆகும். ஐந்தாம் பாகம் அவர் இறந்த பின் 1587இல் வெளிவந்தது. அகரவரிசையில் அமைந்த இப்பெருநூல் இக்கால உசாத்துணை நூல்களுக்குத் தந்தை எனத்தகும். ஒவ்வொரு விலங்கின் கீழும் பல மொழிப்பெயர்கள், உருவம், இயல்பு, மருந்துப் பயன், புலவர் கூற்று என யாவும் தொகுக்கப்பட்டன. கெஸ்னர் நேர்மையாளர், பிறர் சொல்லைப் பிறர் சொல்லென்றே குறித்தார். ஆயினும் தொகுப்பாசிரியர்க்குரிய இடர் அவரையும் விட்டிலது. 1515ஆம் ஆண்டு குசராத்திலிருந்து இலிசுபன் நகருக்குக் கப்பலேற்றப்பட்ட காண்டாமிருகத்தை, அதனைக் காணாத ஓவியர் டியூரர், பிறர் அனுப்பிய குறிப்பையும் வரைவையும் கொண்டு தீட்டினார். கவசம் போன்ற தோலும் முதுகில் ஒரு சிறு கொம்பும் அவ்வோவியத்தில் அமைந்தன. அதனைக் கெஸ்னர் தம் நூலிற் சேர்த்தார். அவரைப் பார்த்துப் பிறர் சேர்த்தனர். இல்லாத அம்முதுகுக்கொம்பு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நூல்களில் நிலைத்தது. அழகிய படம் எழுத்தினும் வலியது. பிழையைப் பரப்புவதிலும் அவ்வாறே.

கெஸ்னரின் மீன் பாகம் வெளிவந்த இரண்டாம் ஆண்டிலே, அஃதாவது 1560இலே, மன்னாரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்சுதந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாண அரசின் மீது படையெடுத்து வந்ததும், மன்னாரிற் போர்த்துக்கேயர் கோட்டை கொண்டதும் அவ்வாண்டே. மன்னார்த் தீவின் அருகே மீனவர் ஒரே வலைவீச்சில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல்மாந்தரைப் பிடித்தனர் என்றும், யேசு சபைக் குருமார் சிலர் அவற்றைக் கண்டனர் என்றும், அரசப் பிரதிநிதியின் மருத்துவர் அவற்றை அறுத்து ஆராய்ந்து, உள்ளும் புறமும் மனித உடலை முற்றும் ஒத்தன என்று கூறினார் என்றும் யேசு சபையின் வரலாற்று நூல் குறிக்கின்றது.

இச்செய்தியைப் பொய்யென்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், அதன்கண் வரும் இரு பெயர்கள் ஆராய்ச்சியாளனைத் தடுத்து நிறுத்துகின்றன. கண்ட குருமாருள் ஒருவர் ஹென்றிக் ஹென்றிக்கசு அடிகள். இவரே 1578இற் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூலின் ஆசிரியர்; முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பல்லாண்டு வாழ்ந்து தமிழைக் கசடறக் கற்றவர். மருத்துவர் பெயர் திமாசு பொசுக்கே. இவரும் புனைவுப் பாத்திரமல்லர். கார்சியா த ஓர்த்தா இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி எழுதி 1563இற் கோவையிலே, அஃதாவது கோவா நகரிலே, அச்சிட்ட புகழ்பெற்ற நூலுக்கு முன்னுரைக் கடிதம் வழங்கியவர் இவரே. ஆகவே, மொழியறிந்த ஒருவரும் உடற்கூறறிந்த ஒருவரும் சான்றாக நிற்கின்றனர். அவர்கள் எதையோ கண்டனர் என்பது தெளிவு.

அவர்கள் கண்டது ஆவுளியாவே எனக் கொள்ளுதல் பொருந்தும். கடற்புல் நிறைந்த அவ்வாழமில்லாக் கடல் அதன் உறைவிடம். துடுப்பை அறுத்தவர்க்கு ஐவிரல் எலும்பு தோன்றும். கக்கத்தருகே இரு முலைகள் தோன்றும். மீனென எண்ணி அறுத்த மருத்துவர்க்கு நுரையீரலும் கருப்பையும் தோன்றினால் வியப்பு மிகாதிருக்குமா? மனித உடலை ஒத்த உறுப்புகள் உள என்று அவர் கூறியிருந்தால் அதிற் பிழை அதிகமில்லை. முற்றும் ஒத்தன என்று அது திரிந்தது மருத்துவரின் வாயிலா, எழுதியவர் கையிலா என்பதே ஐயம். கைமாறும்தோறும் செய்தி பருத்துச் செல்லும் இயல்பை நோக்கின், பிற்கூறியதே பெரும்பாலும் உண்மையாகலாம்.

வலையிழுத்த மீனவர் யாது கூறினர் என்பதை அவ்வறிக்கை கூறவில்லை. அக்கடலிலே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தோர் தாம் பிடித்ததன் பெயரை அறியாதிருந்திரார். அருகே நின்ற அடிகள் தமிழ் வல்லவர். அவர் வினவியிருந்தால் ஒரு சொல்லால் விடை கிடைத்திருக்கும். அவர் வினவினாரோ, வினவியதை நூலெழுதியோர் விட்டனரோ, அச்சொல் மாத்திரம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறவில்லை.

கப்பலேறியது கடற்கன்னியே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்திலும் கடற்கன்னி என்னும் தலைப்பின் கீழ் மன்னார் நிகழ்ச்சி சான்றாகக் காட்டப்பட்டது. ஒல்லாந்தரும் பின்தங்கவில்லை. அம்பொயினாத் தீவில் இருந்த பலூர்சு என்னும் ஓவியர் வரைந்த மீன் ஓவியங்களை இரனார் என்பவர் 1719இல் வண்ணப்படங்களாக வெளியிட்டார். அவற்றுள் ஒரு கடற்பெண்ணும் இருந்தாள். ஐம்பத்தொன்பது அங்குல நீளமுடையவள் என்றும், தொட்டி நீரில் நான்கு நாளும் ஏழு மணி நேரமும் உயிர் வாழ்ந்தவள் என்றும், எலி போற் கீச்சிட்டவள் என்றும் குறிப்பு எழுதப்பட்டது. பலந்தைன் பாதிரியாரும் 1724 முதல் 1726 வரை வெளியிட்ட கீழைத்தேயங்கள் பற்றிய பெருநூலிலே கடற்பெண் உண்டென்று வாதிட்டார். அளவும் நேரமும் நுட்பமாகக் கூறப்பட்டமை காரணமாகவே பலர் நம்பினர். ஐம்பத்தொன்பது என்னும் எண் உண்மையின் தோற்றத்தைத் தருகின்றது. ஏறக்குறைய ஐந்தடி என்று கூறியிருந்தால் ஐயம் எழுந்திருக்கும்.

விலங்குகளைப் பெயரிட்டு வகுக்கும் முறையை இலின்னேயசு நிலைநாட்டிய பின்னரே இம்மயக்கம் தெளியத் தொடங்கிற்று. 1776இல் முல்லர் என்பவர் கடற்பசுவுக்கு அறிவியற்பெயர் இட்டார். 1799இல் இலாசெப்பேடு அதனைத் தூகொங் என்னும் தனிச் சாதியாக்கினார். அச்சொல் மலாய் மொழியினத்தைச் சேர்ந்தது. ஆனால், 1811இல் இல்லிகர் என்னும் செருமானிய அறிஞர் அதற்கு ஹாலிக்கோர் எனப் பிறிதொரு பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் அதன் பொருள் கடற்கன்னி என்பதே! அதன் வரிசைக்கும் பாடி மயக்கும் கடல்மகளிராகிய சைரன்களின் பெயரையே இட்டார். நூலிலிருந்து வெளியேற்றப்பட்ட கன்னி பெயர்ப்பட்டியல் வழியே மீண்டும் உட்புகுந்தாள். முந்திய பெயரே செல்லும் என்னும் விதிப்படி ஹாலிக்கோர் பின்னர் வழக்கொழிந்தது. எனினும் 19ஆம் நூற்றாண்டு நூல்கள் பெரும்பாலும் அதனையே ஆண்டன. பழைய நூலின் பொருட்குறிப்பில் தூகொங் என்று தேடிக் காணாத மாணவன், செய்தி இல்லையென்று நூலை மூடிவிடலாகாது.

இலங்கையிலிருந்து எழுதப்பட்ட நூல்களுள் இப்பொருள் பற்றி விரிவாகப் பேசுவது சேர் சேம்சு எமேர்சன் தெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்றுச் சித்திரங்கள் என்பதாகும். தெனன்ற் 1845 முதல் 1850 வரை இங்குக் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர். விலங்கியற் புலவரல்லர், ஆனால் வினவத் தெரிந்தவர். மட்டக்களப்பு வாவியிற் கேட்கும் பாட்டை 1848இல் தாமே ஓடத்திற் சென்று கேட்டு எழுதியவர். 1847இல் மன்னாரிற் கொல்லப்பட்ட கடற்பசு ஒன்று கொழும்புக்கு அவரிடம் அனுப்பப்பட்டது. அது ஏழடிக்கு மேல் நீண்டதென்றும், கற்பிட்டியில் அதனினும் பெரியவை பிடிபட்டன என்றும், அதன் இறைச்சி கன்றிறைச்சியை ஒத்ததெனக் கூறுவர் என்றும் எழுதினார். ஏலியன் முதலாகப் பலந்தைன் ஈறாக வந்த கடற்கன்னிக் கதைகளையெல்லாம் வரிசைப்படுத்தி, அவற்றின் மூலம் இவ்விலங்கே என முடிவு கூறினார். மன்னார் நிகழ்ச்சி இன்று பலர்க்கும் தெரிந்திருப்பது அவர் நூலினாலேயே.

ஆயினும் அவர் நூலும் ஓரிடத்திற் சறுக்கிற்று. தாய்விலங்கு ஒரு துடுப்பாற் கன்றை மார்போடணைத்து, மற்றொன்றால் நீந்தித் தலையை நீர்மேல் நிறுத்தும் என்றும், அக்காட்சியே மாலுமிகளை மயக்கிற்று என்றும் அவர் விளக்கினார். கேட்பதற்கு இனிய விளக்கம். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கடலிலே நேரிற் கண்டதோ வேறு. கன்று தாயின் அருகே நீந்தி, நீரினுள்ளேயே கக்கத்தருகிலுள்ள முலையிற் பால் உண்கின்றது. அணைத்தூட்டும் தாயின் படம் இன்றும் சிறுவர் நூல்களில் வரக்காணலாம். பொய்யை மறுக்கும் நூலும் பொய் கூறக்கூடும் என்பதை மாணவர்க்கு உணர்த்துதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

தெனன்றுக்கு முன்னரே, இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலார்ட்டு 1852இல் இத்தீவின் விலங்குகளைப் பெயரிட்டு வகுத்து நூலாக்கினார். 1877இற் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. 1903இல் அதன் ஆராய்ச்சி ஏடாகிய இசுப்போலியா செலானிக்கா தோன்றிற்று. தேயிலைத் தோட்டக்காரரான பிலிப்சு 1935இல் எழுதிய இலங்கைப் பாலூட்டிகள் கைந்நூல் பல்லாண்டு காலம் சிறந்த துணையாக விளங்கிற்று. பறவைகளுக்கு லெக் 1880இல் முற்றுவித்த பெருநூலும் ஹென்றி 1955இல் எழுதிய வழிகாட்டியும் அத்தகையனவே. இவை யாவும் ஆங்கிலத்தில் அமைந்தவை, விலையும் எளிதன்று.

தமிழிற் கட்டுரை வரையும் மாணவனுக்கு வேறோர் இடரும் உண்டு. கடற்பசு என்னும் சொல்லை நூலாசிரியர்கள் ஒரு விலங்குக்கே ஆள்வதில்லை. அமெரிக்க, ஆபிரிக்க நீர்நிலைகளில் வாழும் மனாற்றியையும் அச்சொல்லாற் குறிப்பர். 1741இற் கண்டறியப்பட்டு இருபத்தேழு ஆண்டுகளில், 1768இல், வேட்டையால் முற்றாக அழிந்த வடகடற் பெருவிலங்காகிய இசுற்றெல்லர் கடற்பசுவையும் அவ்வாறே குறிப்பர். மூன்றையும் ஒன்றாகக் குழைத்தெழுதிய கட்டுரைகள் இல்லாமலில்லை. வாலை நோக்கினால் மயக்கம் நீங்கும். மனாற்றியின் வால் துடுப்புப் போல் வட்டமானது. ஆவுளியாவின் வால் திமிங்கிலத்தினது போல் இருபிளவானது. கடற்பன்றி என்பது அதனினும் இடர் தருவது. சிங்களத்தில் முகுது ஊரா என்பதும் இப்பொருட்டே. ஆனால் தமிழில் ஓங்கில் இனத்தையும் சிலர் கடற்பன்றி என்பர். ஆவுளியா என்னும் மீனவர் சொல்லோ ஐயத்துக்கு இடமற்றது. அதனையே தலைச்சொல்லாகக் கொள்ளாமல், ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பாகிய கடற்பசுவைக் கொண்டமை நம் நூலாசிரியர்களின் தவறு எனல் தகும்.

தமிழில் உசாத்துணை இல்லையென்று கூறுதற்குமில்லை. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மையாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமும், 1968 முதல் 1976 வரை வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் அத்துறை வல்லார் எழுதிய விலங்குக் கட்டுரைகளைக் கொண்டவை. ஆனால் விலங்குகளின் நிலை ஆண்டுதோறும் மாறுவது. இலங்கையில் ஆவுளியாவைக் கொல்லுதல் 1970ஆம் ஆண்டு முதற் சட்டத்தால் முற்றாகத் தடுக்கப்பட்டுள்ளது. 2022இல் தமிழ்நாட்டரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீற்றர்ப் பரப்பை அதன் காப்பகமாக அறிவித்தது. இவற்றை முன்னைய தொகுதிகளில் தேடுதல் வீண். உடலமைப்புக்குப் பழைய நூல் போதும். தொகைக்கும் சட்டத்துக்கும் நூல் அச்சான ஆண்டை முதலில் நோக்குதல் வேண்டும்.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அதன்பின் ஒரு தலைமுறை மாணவர்க்கு, எந்த நூலை நம்பலாம் என்னும் வினாவினும் எந்த நூல் எஞ்சியுள்ளது என்னும் வினாவே முந்திற்று. இன்று அவ்விடர் ஓரளவு தீர்ந்துள்ளது. தெனன்றின் நூலும் கெலார்ட்டின் நூலும் மின்வடிவில் எவரும் விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் ஏடுகளைத் திரட்டி வருகின்றது.

எவ்விடத்தும் கிடையாதது ஒன்றே. மன்னார், கற்பிட்டிக் கரைகளில் வாழும் முதிய மீனவருள், கடல் மீது ஆவுளியா மூச்சு வாங்கியதையும், புல்மேய்ந்து சென்ற தடத்தையும், வலையிற் சிக்கியதை இழுத்ததையும் கண்டோர் இன்னும் உளர். அவர் கூறுவதை ஊர்ப்பெயரும் ஆண்டும் காலமும் சேர்த்து எழுதி, பாடசாலை நூலகத்திலே ஒரு கோவையாக வைத்தற்கு ஒரு குறிப்பேடும் ஒரு பிற்பகலும் போதும். 1560இல் எழுதாமல் விடப்பட்ட பக்கம் அதுவே.